மினிஹா என்றார், மினிய என்று கேட்டேன்

எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது என் கணவர் அரை நாள் செத்துப் போயிருந்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். நம்ப வைத்தது நான். ஒரே ஒரு சொல்லை நான் தப்பாகக் கேட்டதால் வந்த வினை அது. அதற்குப் பிறகு சொற்களைக் கவனிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். நான் கொழுந்து பறித்தேன். அவர் தோட்டத்து லொறியில் கூட்டாள்; தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் வட்டவளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வருவார். அன்றைக்கு ஆடி மழை அளவுக்கு மீறிப் பெய்தது. பத்து மணிக்கே எங்களை மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். லயத்து வாசலில் நின்று நான் கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்தேன். அப்போது ரயில் பாதையில் வேலை செய்யும் சிங்களவர் ஒருவர் நனைந்தபடி படியேறி வந்தார். என் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கேட்டார். நான்தான் பெண்சாதி என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் நிதானமாகத்தான் சொன்னார். லொறி, மண் சரிவு என்பதெல்லாம் கையசைவிலேயே புரிந்துவிட்டது. கடைசியில், "மினிஹா இஸ்பிரிதாலே, நங்கி" என்றார். இஸ்பிரிதாலே என்றால் ஆஸ்பத்திரி என்று ஊகித்துக்கொண்டேன். உள்ளங்கையைக் கவிழ்த்துக் கிடத்திக் காட்டினார். பிறகு தொடையைத் தட்டிக் காட்டினார். பாதையில் வேலை கிடந்ததால் அவர் நிற்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அந்த நாளில் எனக்குத் தெரிந்த சிங்களம் கடைத்தெருச் சிங்களம். உப்பு, மிளகாய், எவ்வளவு, வேண்டாம். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த ஒரே சொல் 'மினிய'. முந்தின வருஷம் எங்கள் தோட்டத்து ஆற்றில் யாரோ ஒருவருடைய உடல் ஒதுங்கியது. சிங்களப் பொலிஸ்காரர்கள் வந்து, "மினிய கோ, மினிய கோ" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பிணம் எங்கே என்று அர்த்தம். ஆற்றங்கரையில் நின்று கேட்ட சொல் மறக்குமா? ரயில்காரர் மினிஹா என்று சொன்னதும் என் காது அதை மினிய என்று எடுத்துக்கொண்டது. கிடத்திக் காட்டிய கை வேறு. பிணத்தையும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"அத்தை, அவரு போயிட்டாராம்" என்றேன்.

என் மாமியார் கையிலிருந்த சுளகு கீழே விழுந்தது. பிறகு நடந்தவை தானாக நடந்தன. ஒரு லயத்துச் சத்தம் மறு லயத்துக்குப் போனது. பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள். ஆண்களில் இரண்டு பேர் தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கையாவிடம் சொல்லப் போனார்கள். இரண்டு பேர் மண்வெட்டியோடு இடுகாட்டுக்குப் போனார்கள். கடைசி லயத்திலிருந்து சாவுப் பறை அடிக்கும் தப்புக்காரர் வந்து, மழை தூறிக்கொண்டிருக்கும்போதே நெருப்பு மூட்டித் தப்பைக் காய வைத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சு என்று சிலர் நினைத்திருப்பார்கள். என் மனசில் இருந்தது ஒன்றுதான். அவரைத் தனியாக ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"நான் போறேன் அத்தை."

"பொம்பள போயி என்ன செய்யப் போறே? ஆம்பளைங்க போயிக் கொண்டாருவாங்க. நீ ஒக்காரு புள்ள."

"என் புருசன நான் போயிக் கூட்டிட்டு வாரேன்."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, பெட்டியிலிருந்த புது வேட்டியை எடுத்து மூலையில் மஞ்சள் தடவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வா, ரெண்டு பேருமாப் போவம்" என்றார். அந்த மனுஷியின் மீது எனக்கு ஆயுசுக்கும் மரியாதை வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

வட்டவளைக்கு இறங்கி, பஸ் பிடித்து ஹட்டன். ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்கு நடந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைச் சேலை கட்டிய ஊழியப் பெண் ஒருத்தி வாளியோடு வந்தாள். சிங்களப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். தெரிந்த சிங்களத்தைத் திரட்டி அவளிடம் கேட்டேன்.

"மினிய கோ?"

அவள் என் முகத்தையும் அத்தையின் கக்கத்திலிருந்த வேட்டியையும் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டுப் பின்பக்கமாகக் கை காட்டினாள். பின்பக்கம் ஓர் ஒற்றை அறை. வெளியே காவலுக்கு ஒரு கிழவர். அவரிடமும் அதையே கேட்டேன்.

"மினிய நேஹே" என்று கையை விரித்தார். பிணம் இல்லை.

இல்லையென்றால் எங்கே? எங்களுக்கு முன்னாலேயே தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்களா? வேறு யாரும் கொண்டுபோய்விட்டார்களா? ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். அத்தை என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஊழியப் பெண் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறாள். குனிந்து என் வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். தோட்டத்தைக் கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறியது. என்னென்னவோ சிங்களத்தில் சொன்னாள். அதில் 'மினிஹா' மட்டும் மூன்று தடவை வந்தது. கடைசியில் பேசிப் பயனில்லை என்று என் கையைப் பிடித்துத் தூக்கி, ஆண்கள் வார்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது கட்டிலில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் தொடை வரை மாக்கட்டு. கையில் தேத்தண்ணிக் கோப்பை.

"மழையில ஏன் ரெண்டு பேரும் வந்தீங்க? நான் சொல்லியனுப்பினேனே, கால்தான் ஒடஞ்சிருக்குன்னு" என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, "அது யாருக்கு வேட்டி?" என்று கேட்டார்.

"ஒனக்குத்தான்டா. போத்திக்க" என்று அத்தை வேட்டியை அவர் மடியில் போட்டுவிட்டு, கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். நானும் அப்போதுதான் அழுதேன்.

அடுத்த கட்டிலில் ஒரு மலாய்க்காரர் படுத்திருந்தார். டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வாச்சர். வயிற்றில் ஆப்பரேஷன் செய்திருந்தார்கள். தமிழும் சிங்களமும் அவருக்கு ஒன்றுபோல வரும். ஊழியப் பெண் சொன்னதை அவர்தான் எங்களுக்குச் சொன்னார்.

"தங்கச்சி, நீங்க வாசல்லயே பொணம் எங்கேன்னு கேட்டிருக்கீங்க. அவங்க என்ன செய்வாங்க? மினிஹான்னா உசுரோட இருக்கிற மனுசன். மினியன்னா உசுரு போன ஒடம்பு. ரெண்டும் ஒரே சொல்லுதான், வால்தான் வேற."

"அப்ப மினிஹாங்கிறது நம்ம மனுசனா?"

"அதேதான். எங்க வீட்டுப் பாஷையில மனுசியா."

"மனுசியா? பொம்பளைய மட்டும் சொல்றதா?"

வாச்சருக்குச் சிரிப்பு வந்தது. தையல் வலித்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இல்ல தங்கச்சி. ஆம்பள, பொம்பள, புள்ளைங்க, எல்லாருக்கும் மனுசியாதான். எங்க பாட்டன் பூட்டன் ஜாவாவிலருந்து கப்பல்ல வந்தப்பவே கொண்டுவந்த சொல்லு."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீ இரு. நான் போயித் தப்ப நிப்பாட்டணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பினார். அவர் போய்ச் சேர்ந்தபோது பாடைக்கு மூங்கில் வெட்டி வைத்திருந்தார்களாம். தோண்டிய குழியைச் சும்மா மூடக் கூடாது என்று சொல்லி, ஒரு வாழைத்தண்டைப் போட்டு மூடினார்களாம். பல வருஷம் எங்கள் லயத்தில் என் வீட்டுக்காரருக்கு வாழைத்தண்டு என்றுதான் பட்டப்பெயர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

கால் எலும்பு சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். வேலை நாளிலும் முடிந்தபோது போனேன். அந்த ஊழியப் பெண்ணை நான் அக்கே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். ஒரு கொப்பி வாங்கி, அவள் சொல்லும் சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அவள் பதிலுக்கு என்னிடம் தமிழ் கேட்டாள். கட்டிலுக்குக் கட்டில் தமிழ் நோயாளிகள் இருந்தார்கள். அவளுக்கும் அது தேவைப்பட்டது.

கொப்பியின் முதல் பக்கத்தில் நான் எழுதியது அந்த ஒரு சொல்லைத்தான். மினிஹா, மினிஸ்ஸு, மனுஸ்ஸயா. முதலாவது ஒருத்தன், இரண்டாவது பல பேர், மூன்றாவது கொஞ்சம் மதிப்பாகச் சொல்வது. அக்கே விகாரைக்குப் போகிறவள். அங்கே பிக்குகள் ஓதும் பாளியில் அது மனுஸ்ஸ என்றாள். வாச்சரின் மனுசியாவை அதற்குக் கீழே எழுதினேன். பிறகு பார்த்த இடத்தில் எல்லாம் கேட்கத் தொடங்கினேன். ஹட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குஜராத்திக்காரரிடம் உங்கள் பாஷையில் மனுசனுக்கு என்ன என்று கேட்டேன். சீட்டித் துணியை அளந்துகொண்டே, "மாணஸ்" என்றார். எங்கள் தோட்டத்து ரொட்டிக் கடைக்காரர் மலையாளத்தார். அவர், "மனுஷ்யன், அல்லாதெ வேறெந்தா" என்றார்.

எங்கள் தோட்டத்திலேயே கேட்காமல் விட்டிருந்தது ஒரு வீட்டில்தான். தப்புக்காரர் குடும்பம் வீட்டுக்குள் தெலுங்கு பேசும். அத்தை அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். நானும் அப்படியே வளர்ந்தவள். மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பாள் தப்புக்காரரின் மனைவி, என் வயதுதான், பேசுவோம், சிரிப்போம், ஆனால் அவள் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. ஒரு நாள் நிரையில் நின்றபடியே கேட்டேன்.

"மனிஷி" என்றாள்.

"பொம்பளைக்கா?"

"ஆம்பளைக்கும் அதான். ஏன் கேக்குறீங்க?"

சொன்னேன். அவள் இரண்டு கையாலும் கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டுக்கொண்டே, "அப்ப எல்லா ஊர்லயும் சொல்லு ஒண்ணாத்தான் இருக்கு" என்றாள். எனக்குத்தான் முகம் சுட்டது.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய அகராதி இருந்தது. வாத்தியாரிடம் கேட்டு, ஒரு சனிக்கிழமை முழுக்க அதோடு உட்கார்ந்தேன். மனுஷ்யன் என்பதற்கு வடசொல் என்று போட்டு, மனுவின் வழி வந்தவன் என்று பொருள் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு எனக்கு வழி புரிந்தது. சமஸ்கிருதத்தில் மனுஷ்ய. பாளியில் மனுஸ்ஸ ஆகி, புத்த சமயத்தோடு வந்து, சிங்கள வாயில் தேய்ந்து மினிஸ் ஆகியிருக்கிறது. கதை கேட்கும் இடத்திலும் கோயிலிலும் புழங்கிப் புழங்கி நம் வாயில் மனுசன் ஆகியிருக்கிறது. வியாபாரிகளோடு கடல் தாண்டிப் போய் ஜாவாவில் மனுசியா ஆகி, அங்கிருந்து கப்பலேறி டயகம வாச்சரின் வீட்டுக்கு வந்திருக்கிறது. நமக்கென்று ஆள் இருக்கிறது, மக்கள் இருக்கிறது, மாந்தர் இருக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி எங்களை எண்ணுவது ஆள் கணக்கில்தான். ஆனால் கோபம் வந்தால் அவரிடமே நாங்கள் கேட்பது, "நீங்க மனுசனா?" என்றுதான். இரவல் வந்த சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது. பண்டிதர்கள் இதை இன்னும் நுணுக்கமாகச் சொல்வார்கள். நான் கண்டுபிடித்தது இவ்வளவு. தப்பில்லை என்று இப்போதும் நம்புகிறேன்.

பிறகு சில வருஷத்தில், சிங்களம் மட்டும்தான் அரச பாஷை என்றாகி, பாஷைக்காக நாடே முறுக்கிக்கொண்டு நின்றது. பஸ்ஸில் தமிழில் பேசவே யோசித்தோம். அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலை, தப்புக்காரரின் மனைவிக்கு வலி கண்டது. இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே தவறியிருந்தன. தோட்டத்து மருத்துவச்சி பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். தோட்டத்து லொறி வெளியே போயிருந்தது. கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி, அவளை அதில் கிடத்தி, ஆண்கள் பெரிய ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். சிங்களம் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் கிளம்பும்போது அத்தை உள்ளே போனார். சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

ரோட்டில் இரண்டு வண்டிகள் நிற்காமல் போய்விட்டன. தமிழ் ஆட்கள் கூட்டமாக மறித்ததும் பயந்திருப்பார்கள். மூன்றாவதாக ஒரு மரக்கறி லொறி வந்தது. ஆண்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் நடு ரோட்டில் நின்றேன். டிரைவர் பிரேக் போட்டுத் தலையை நீட்டிச் சத்தம் போட்டார்.

"மஹத்தயா, மனுஸ்ஸயெக் மெரெனவா" என்றேன். ஐயா, ஒரு மனித உயிர் போகிறது.

தமிழச்சி என்றோ, தோட்டத்துப் பெண் என்றோ, பிள்ளைத்தாய்ச்சி என்றோகூட நான் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்தான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். இறங்கி வந்து பின்கதவைத் திறந்து, கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டைகளைத் தானே தள்ளி இடம் பண்ணினார்.

லொறிக்குள் அவள் தலை அத்தையின் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு லொறி ஆடும்போது அத்தை ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் நெற்றியைத் துடைத்தார். அவள் தண்ணீர் கேட்டாள். அத்தை போத்தலைச் சரித்துக் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும், அதே போத்தலில் வாய் வைத்துத் தானும் இரண்டு மடக்குக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

"என்ன பாக்குற? தாகமா இருக்கு" என்றார்.

ஆஸ்பத்திரியில் அக்கே இருந்தாள். ஓடி வந்தாள். என்னோடு அவள் தமிழில் பேசினாள், நான் அவளோடு சிங்களத்தில் பேசினேன். அவசரத்தில் இருவரும் மாறிப்போனதைக் கவனிக்கவில்லை. மத்தியானம் ஆப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். மரக்கறி லொறிக்காரர் அதுவரை வெளியே நின்றிருந்தார். கோவா வாடிக்கொண்டிருந்தது. செய்தி கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

குழந்தைக்குப் பெயர் வைத்த நாளில் அத்தை அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். லயத்தில் பேச்சு வரத்தான் செய்தது. சில பேர் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார்கள்.

அதற்கப்புறம் தோட்டத்து மருந்துச் சாலையில் என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார்கள். கூடையை இறக்கி வைத்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு யாரை அனுப்பினாலும் கூடப் போய்ப் பேசுவது என் வேலை. சுதந்திரம் வந்ததும் தோட்டத் தமிழர்களின் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டு, வேண்டுமென்றால் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார்கள். அறுபதுகளின் நடுவில் எங்கள் பிரஜாவுரிமை விண்ணப்பம் தள்ளுபடியாகித் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி போதாதாம். பிரஜை என்ற சொல்லையும் அகராதியில் பார்த்தேன். அதுவும் வடசொல்தான். பிள்ளை, சந்ததி என்று முதல் பொருள். குடிமக்கள் என்பது அதற்கு அடுத்தது. பிறந்தவன்தானே பிரஜை. அவர் பிறந்தது டயகமவில். நான் பஸ் ஏறி அங்கே போய், அவர் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தின் பதிவுப் பிரதியை வாங்கி வந்தேன். மேன்முறையீட்டை நானே சிங்களத்தில் எழுதினேன். அக்கே எழுத்துப் பிழை திருத்தினாள்.

விசாரணை அன்று அதிகாரி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொன்னார். தேவையில்லை, நானே பேசுகிறேன் என்றேன். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். ஒரு மணி நேரமும் பதில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருஷம் எங்களுக்குக் கிடைத்தது. லயத்தில் பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய கடிதங்களையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தேன். சிலது பலித்தது, சிலது பலிக்கவில்லை. பலிக்காத வீட்டுக்கும் அடுத்த நாளே போய், இன்னொரு தாளை விரித்து வைத்து, "சொல்லுங்க, மொதல்லருந்து எழுதுவோம்" என்று உட்கார்ந்தேன்.